நாவுக்குப் பழகாத நற்பெயர்

வடபுலத்து நகரொன்றிலே பணிபுரியும் தோழர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்திருந்தார். கொள்கையிலே உறுதி படைத்தவர், குழைந்து பேசியறியாதவர். அன்றோ, அவர் குரலிலே ஒரு தளர்ச்சி. "அண்ணா, நான் தவறு செய்துவிட்டேனா?" என்று கேட்டார். பணத்தைப் பற்றியதல்ல அக்கேள்வி, பதவியைப் பற்றியதுமல்ல. தம் எட்டு வயது மகளின் பெயரைப் பற்றியது!

யாழ்மொழி என்பது குழந்தையின் பெயர். ழகரத்தை ஆங்கிலத்தில் எழுத இசட், எச் எனும் இரண்டு எழுத்துக்களைச் சேர்க்கிறோமல்லவா? அதைக் கண்ட புதிய ஆசிரியை 'யாஸ்மோசி' என்று படித்தாராம். வகுப்பு சிரித்ததாம். அடுத்த நாள் அதுவே பட்டப்பெயர் ஆயிற்றாம். மாலையிலே வீடு திரும்பிய மகள், "அப்பா, எனக்குப் பிரியா என்று பெயரை மாற்றிவிடுங்கள்" என்றாளாம். மேடையிலே எத்தனையோ எதிர்ப்புகளைக் கண்டு கலங்காத அந்தத் தோழர், மகளின் அந்தச் சொற்களைக் கேட்டுக் கலங்கிப்போனார்.

எளிய விடைகள் இரண்டு உண்டு. 'ஊரோடு ஒத்து வாழ். மாற்றிவிடு' என்பது ஒன்று. 'இனமானம் இருக்கிறது, மாற்றாதே' என்பது மற்றொன்று. முன்னது ஊருக்கு வசதி. பின்னது தந்தைக்குப் பெருமை. இரண்டிலும் குழந்தை இல்லை! ஆகவேதான் தோழர்களே, இதைச் சற்று நின்று ஆராய வேண்டியிருக்கிறது.

பெயர் வெறும் ஒலிதானே என்பார் உண்டு. வெறும் ஒலியானால், மனு அதற்குச் சட்டம் வகுத்திருப்பானா? பார்ப்பனனுக்கு மங்கலம் குறிக்கும் பெயர், அரசனுக்கு வலிமை குறிக்கும் பெயர், வணிகனுக்குச் செல்வம் குறிக்கும் பெயர், சூத்திரனுக்கு இழிவு குறிக்கும் பெயர் என்று மனுநூலின் இரண்டாம் அத்தியாயம் கூறுகிறது. ஏட்டிலே எழுதியது நாட்டிலேயும் நடந்தது. குப்பன் என்றும், பிச்சை என்றும், மண்ணாங்கட்டி என்றும் அழைக்கப்பட்டோர் பலர். அந்தப் பெயர்களைச் சொல்ல எவர் நாவும் திணறியதில்லை. எளிதாக அழைத்தார்கள், எளியவர் என்பதால் அழைத்தார்கள். நாவுக்கு எளிதாக இருப்பது மட்டுமே நல்ல பெயருக்கு இலக்கணம் அன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அதனாலன்றோ பெயரிலே புரட்சி புகுந்தது! 1916-ல் வேதாசலம் மறைமலை ஆனார். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னே தொங்கிய சாதி வாலை அறுக்கச் சொன்னது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். இவை வழங்கத் தொடங்கிய நாளிலே புதுமையான பெயர்கள்தாம். இன்றோ, நம் தெருவிலே அன்பழகன் என்று அழைத்தால் யாரும் வியப்பதில்லை. பழகாத பெயர் பழகிய பெயராக வேண்டிய முயற்சி எல்லாம், பலர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான்.

ஆனால், இங்கே ஓர் உண்மையை நாம் மறைக்கக் கூடாது. மறைமலையும் நெடுஞ்செழியனும் அன்பழகனும் தாமே தேர்ந்து தம் பெயரை ஏற்றவர்கள். வளர்ந்த மனிதன் தனக்கு வைத்துக்கொள்ளும் பெயர், அவன் எடுத்த உறுதிமொழி. தொட்டிலிலே கிடக்கும் குழந்தைக்கு நாம் வைக்கும் பெயரோ, நாம் எடுத்த உறுதிமொழி. அதன் விலையைக் கொடுப்பது குழந்தை. வகுப்பிலே சிரிப்புக்கு ஆளானவர் தோழர் அல்லர், அவர் மகள். மேடையில் நாம் பெற்ற கைதட்டலுக்கு, பள்ளியிலே அவள் கண்ணீர் சிந்துகிறாள். பிறர் கருத்தை நம்மீது திணிப்பதை எதிர்க்கும் நாம், நம் கருத்தைக் குழந்தையின் மீது ஏற்றும்போது கூசவேண்டாமா? குழந்தை, நம் கொடியைத் தாங்க நட்ட கம்பமல்லவே!

அப்படியானால் பிரியா என்று மாற்றிவிடலாமா? அவசரம் வேண்டாம். அந்தச் சிரிப்பையும் ஆராய வேண்டும். சொல்ல இயலாமை ஒன்று. சொல்ல விரும்பாமை வேறொன்று. குத்துச்சண்டை வீரர் காசியஸ் கிளே, அது அடிமைப் பெயர் என்று உதறி, 1964-ல் முகமது அலி ஆனார். அலி என்பது பச்சைக் குழந்தையும் சொல்லக்கூடிய பெயர். எனினும் எர்னி டெரல் என்ற வீரர் அவரைப் பழைய பெயராலேயே அழைத்தார். 1967 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரிலே இருவரும் மோதியபோது, "என் பெயர் என்ன?" என்று கேட்டுக் கேட்டுக் குத்தினார் அலி. தமிழ்நாட்டிலே பிறந்த தாயின் மகள் கமலா ஹாரிஸ். 2020 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்துக் கூட்டமொன்றிலே, அவருடன் ஒரே செனட் சபையிலே அமர்ந்திருந்த டேவிட் பெர்டியூ, அவர் பெயரைச் சிதைத்துக் காட்டிச் சிரிப்பு மூட்டினார். சபையிலே பல ஆண்டு கேட்ட பெயர் வரவில்லையாம், நாவிலே! அங்கே திணறியது நாவா, நெஞ்சமா?

இயலாமைக்கு மருந்து பயிற்சி. விரும்பாமைக்குப் பணிந்தால் முடிவே இல்லை. இன்று பெயரை மாற்றச் சொல்வர். நாளை உணவை, நாளை மறுநாள் மொழியை. உலகம் நம் மொழியின் பெயரையே 'டமில்' என்கிறது. அதற்காக மொழிக்கு வேறு பெயர் தேடினோமா? வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்போர் நம்மிடையே இல்லையா? ழகரம் வராதவர் எல்லாம் பகைவர் அல்லர். முயன்று தவறுகிறவரிடம் சினம் வேண்டாம். முயல மறுப்பவரிடமே வழக்கு.

இந்த நீதியை நாம் கேட்பதென்றால், கொடுக்கவும் வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் கட்டடங்களிலும் உணவகங்களிலும் உழைப்பவரை நாம் எப்படி அழைக்கிறோம்? பத்துப் பேர் இருந்தாலும் பத்துப் பேருமே 'பாய்'; முதுகுக்குப் பின்னே 'வடக்கன்'. அவனுக்கும் ஒரு தாய், ஆசையோடு ஒரு பெயர் வைத்திருப்பாளே! அதைக் கேட்டறிய நமக்கு நேரமில்லை. யாழ்மொழிக்காகக் கண்ணீர் விடும் நாம், அவன் பெயரைக் கேட்காமல் தேநீர் கேட்கிறோம். தன்மானம் நமக்கு மட்டும் உரிய சொத்தா, தோழர்களே?

மற்றொன்றும் கூறவேண்டும். நாவைத் திணறவைக்கும் பெயரெல்லாம் நற்பெயர் ஆகிவிடாது. அசுவினி நட்சத்திரமா? சு, சே, சோ, லா என்று தொடங்க வேண்டுமாம். எண் கணிதம் ஒத்துவரவில்லையா? இருக்கிற எழுத்தை இரட்டிக்க வேண்டுமாம். இப்படிப் பிறந்த பெயர்களைப் பெற்ற பாட்டியாலேயே சொல்ல முடியவில்லை. வைத்த தந்தையாலேயே பொருள் கூற முடியவில்லை. யாழ்மொழியின் பெயரிலே இசை இருக்கிறது, இலக்கியம் இருக்கிறது. இவற்றிலோ சோதிடரின் கட்டணம் தவிர வேறொன்றுமில்லை!

ஆகவே, பழகாத பெயரை வைக்க விரும்பும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். இந்தப் பெயரின் பொருளைக் குழந்தைக்கு விளக்கி, அவள் மகிழச் செய்ய முடியுமா? சிரிக்கும் வகுப்பின் முன்னே அவளோடு போய் நிற்க நான் அணியமா? வளர்ந்தபின் 'வேண்டாம்' என்றால், வருந்தினாலும் தடுக்காமல் இருப்பேனா? மூன்றுக்கும் ஆம் என்பவர் துணிந்து வைக்கலாம். அவசரமும் வேண்டாம். பிறப்பைப் பதிந்தபின் பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணமில்லை. அதன் பின்னும், பதிந்த நாள் முதல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சட்டம் தரும் பொறுமையை நாமும் மேற்கொள்ளலாமே!

இவற்றை எல்லாம் தோழரிடம் கூறினேன். "தவறு பெயர் வைத்ததில் இல்லை, வைத்துவிட்டு அவளைத் தனியே அனுப்பியதில் இருக்கிறது" என்றேன்.

ஊர் திரும்பியதும் அவர் பள்ளிக்குச் சென்றார். ஆசிரியையிடம் சண்டையிடவில்லை; பெயரின் பொருளைச் சொன்னார். நாவின் நுனியை மேலே வளைத்து அண்ணத்தை மெல்ல வருடச் சொல்லி, ழகரத்தைக் குழந்தையே வகுப்புக்குக் கற்பித்தாளாம். சிலருக்கு வந்ததாம், சிலருக்கு வரவில்லையாம். முயன்று தோற்ற சிரிப்பு, முன்னைய சிரிப்பைப்போல் சுடவில்லையாம்.

பெயரை மாற்றுவது பற்றி அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. சொல்லட்டும், காத்திருப்போம். யாழ்மொழியாகவே இருப்பேன் என்று அவள் சொன்னால், அன்றுதான் அது அவள் பெயராகும். வேறு பெயர் வேண்டும் என்றால், தனக்குத் தானே பெயரிடும் உரிமையைக் கையாண்ட அவளும் நம் மரபின் மகளே ஆவாள்!