குரைக்கும் நாயும் பேசாத மனிதரும்

அடுத்த வீட்டு நாய் குரைக்கிறது. இதைவிட அற்பமான விஷயம் உண்டா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இருபது வருஷம் கறிவேப்பிலையும் கைமாற்றுச் சர்க்கரையும் போய் வந்த இரண்டு வீடுகள் இதனால் பேச்சை நிறுத்தியதுண்டு. இடைச்சுவர் ஓரடி உயர்ந்து, அதன் மேல் கண்ணாடிச் சில்லுகள் முளைத்ததுண்டு. யாரோ இரவில் சோற்றுருண்டைக்குள் விஷம் வைத்த கொடுமையும் உண்டு. இத்தனை பெரிய பகை எங்கிருந்து வருகிறது?

சத்தத்திலிருந்து என்று சொல்லிவிடலாம். ஆனால் ரயில் பாதையின் ஓரத்தில் குடியிருப்பவர்கள் நன்றாகத்தான் தூங்குகிறார்கள். ரயில் தங்களை அலட்சியம் செய்வதாக அவர்கள் எண்ணுவதில்லை. அடுத்த வீட்டு நாய் குரைக்கும்போதோ, அதன் எஜமானர் நம்மைத் துரும்பாக மதிப்பதாகத் தோன்றிவிடுகிறது. நாய் நிறுத்தின பிறகும் இந்த எண்ணம் நிற்பதில்லை. அது நம்மை விடியும்வரை விழிக்க வைக்கிறது.

இரண்டு வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்றில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரும் நோயாளியான அவர் மனைவியும் இருக்கிறார்கள். மற்றொன்றில் இளம் தம்பதி. இருவரும் காலை ஒன்பது மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள். வாசலில் கட்டிப்போட்ட நாய் தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிறது. கீரைக்காரியைப் பார்த்துக் குரைக்கிறது. யாருமே இல்லாதபோது தனிமை தாங்காமல் குரைக்கிறது. மாலையில் எஜமானர்கள் வந்ததும் வாலைக் குழைத்துக்கொண்டு சாதுவாகப் படுத்துவிடுகிறது.

ஆறு மாதம் கழித்து ஆசிரியர் வெடிக்கிறார்: "உங்க நாய் பகல் முழுக்கக் குரைச்சே எங்களைக் கொல்றது!" அந்தப் பெண் திகைத்துப் போகிறாள்: "எங்க டாமியா? அது குரைக்கவே குரைக்காதே, சார்!"

இரண்டு பேரும் சொல்வது சத்தியம். கதை எழுதுகிறவனுக்கு இது பழக்கமான கட்டம். துஷ்டன் ஒருவனும் இல்லாமலே துன்பம் விளைந்துவிடுகிறது.

இதில் தவறு எங்கே இருக்கிறது? அந்த ஆறு மாதத்தில் இருக்கிறது என்பேன். ஆசிரியரைக் கேட்டால், "எத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன், தெரியுமா?" என்பார். தினமும் பொறுத்தார், தினமும் கணக்கிலும் எழுதிக்கொண்டார். பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவர், பொறுப்பதோடு விடாமல், மறந்துவிடவும் சொல்கிறார். கணக்கு வைத்துக்கொண்டு பொறுப்பது வட்டிக்கு விடுகிற தொழில். ஒரு நாள் அசலும் வட்டியுமாக வசூலிக்கப் புறப்படுகிறோம். கடன்பட்டவருக்கோ, தாம் கடன் வாங்கியதே தெரியாது!

"சொன்னால் மனத்தாங்கல் வருமே" என்று அஞ்சுகிறோம். வரலாம். ஆனால் சொல்லாமல் இருப்பதும் மரியாதையாகிவிடாது. 'இவரிடம் சொல்லிப் பயனில்லை' என்று அடுத்த வீட்டுக்காரரை விசாரிக்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நல்லவராக நடந்துகொள்ள அவருக்கு ஒரு சந்தர்ப்பம்கூடக் கொடுப்பதில்லை.

வால்மீகி ராமாயணத்தின் உத்தரகாண்டத்தில், பிற்சேர்க்கை என்று அறிஞர்கள் கருதும் பகுதியில் ஒரு கதை வருகிறது. மண்டையில் அடிபட்ட நாய் ஒன்று ராமனிடம் முறையிட வருகிறது. ராமன் அதைச் சபைக்குள் அழைத்துக் கேட்கிறான். பிறகு அடித்த பிச்சைக்காரப் பிராமணனை வரவழைத்து அவனையும் கேட்கிறான். பிச்சைக்கு அலைந்த பசியில் இருந்தேன், வழியை மறித்த நாய் விலகவில்லை, கோபத்தில் அடித்துவிட்டேன் என்று அவன் ஒப்புக்கொள்கிறான். முறையிட்ட நாயையும் அடித்தவனையும் கேட்ட பிறகே தீர்ப்புப் பேச்சு எழுகிறது. நாயின் வழக்குக்குக் கிடைத்த இந்த விசாரணையை நாம் அடுத்த வீட்டு மனிதருக்குக் கொடுக்கிறோமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல் என்றும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்றும் வரம்பு விதிக்கின்றன. விலங்கை விஷம் வைத்துக் கொல்வது தண்டனைக்குரிய குற்றம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரு தரப்பையும் பார்த்துப் பேசுகிறது: குரைப்பது நாயின் இயல்பு, அதை அயலார் சகிக்க வேண்டும், ஆனால் ஓயாமல் குரைப்பது தொந்தரவு, முக்கியமாக இரவில் நாயை அமைதியாக வைக்க வளர்ப்பவர் முயல வேண்டும்.

இரண்டு முறை பக்குவமாகச் சொல்லியும் எஜமானர் சிரித்துத் தட்டிக் கழித்தால்? அப்போது குடியிருப்போர் சங்கத்துக்கோ போலீஸுக்கோ போவதில் பாவம் எதுவும் இல்லை. நோயாளியின் தூக்கத்தைக் காப்பதும் தர்மம்தான். சொல்லிப் பார்க்காமல் முதல் படியிலேயே அங்கே போய் நிற்பதைத்தான் தவறு என்கிறேன்.

நாய் வளர்ப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. அயலார் சொல்ல வரும்போது அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல், தாம் இல்லாத நேரத்துச் செய்தியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டால் வழியும் பிறக்கும். காலையில் நாயை நன்றாக நடத்தி அழைத்து வரலாம். வாசலில் கட்டுவதை விட்டு வீட்டுக்குள் இருக்கச் செய்யலாம். தெரு தெரியாதபடி கேட்டை மறைக்கலாம். நடுப்பகலில் யாரையாவது வந்து பார்க்கச் சொல்லலாம். நாய் கூட்டமாக வாழ்ந்த இனம். நாள் முழுதும் தனியே கட்டிக் கிடந்தால் அதற்கும் துன்பமே. ஆசிரியர் அன்று புகாராகச் சொன்னது அந்த நாயின் முறையீடும்தான். அதன் எஜமானர்களுக்குத்தான் அது கேட்கவில்லை.

ஆகையால் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள், கோபம் சேருவதற்கு முன்னால். "நீங்க இல்லாதப்போ ரொம்பக் குரைக்கிறது அம்மா, பாவம், என்னன்னு பாருங்கோ" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். ஆறு மாதம் கழித்து அதே விஷயத்தை அந்தக் குரலில் சொல்ல யாராலும் முடியாது.