கரண்ட் போனால் கிழமை மறக்கும் கணினி

சண்டிலிப்பாய்ச் சந்தியிலிருந்து சைக்கிளில் சில நிமிடம் போனால் வருகிற ஒரு சனசமூக நிலையம். பேப்பர் மேசையின் மூலையில், வருகிறவர்கள் வாசிக்கவென்று நான் பூட்டிக்கொடுத்த, அடையாள அட்டை அளவில் ஒரு பச்சைப் பலகை, அதற்கொரு பிளாஸ்டிக் கூடு, பக்கத்தில் யாரோ கழித்துவிட்ட பழைய திரை. நான் போனது வியாழக்கிழமை காலை. திரையின் மூலையில் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலே கால் என்றிருந்தது.

"தம்பி, உங்கட கொம்பியூட்டர் ரெண்டு நாள் பிந்தி நிக்குது" என்றார் செயலாளர் அண்ணை. "இஞ்ச பேப்பரே பிந்தித்தான் வரும். இதுவுமோ?"

செவ்வாய் பின்னேரம் கரண்ட் போனது. புதன் முழுக்க நிலையம் பூட்டு. வியாழன் காலை அவர் சுவிச்சைப் போட்டதும் பலகை கண் விழித்து, தான் கடைசியாக அறிந்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. இதைப் பழுது என்று சொல்ல முடியாது. அதன் பிறவியே அப்படி.

ராஸ்பெரி பை என்ற இந்தப் பலகை 2012 பெப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழக 35 டொலரில் ஒரு முழுக் கணினி என்பதே எண்ணம். விலையைக் குறைக்க எதையெல்லாம் விட்டார்களோ, அதெல்லாம் பிறகு எங்களைப் போன்றவர்களின் தலையில் விழுந்தது. வன்தட்டு இல்லை. மின்சாரத்தை நிறுத்த ஒரு பொத்தான் இல்லை. சாதாரணக் கணினியின் தாய்ப்பலகையில் வட்டமாக ஒரு சின்ன பற்றரி இருக்குமே, கணினி அணைந்தாலும் மணிக்கூட்டை ஓடவைப்பது, அதுவும் இல்லை. 2023 இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் மணிக்கூட்டுச் சிப்பைச் சேர்த்தார்கள். பற்றரியை அதற்கும் நாமே வாங்கிப் பூட்டவேண்டும். நிலையத்தில் இருப்பது கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒருவர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த நாலாம் பதிப்பு.

இதில் லினக்ஸை நிறுவுவது என்று சொல்வதே கொஞ்சம் பிழை. மேசைக் கணினியில் நிறுவல் என்றால் தட்டைச் செருகி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அரை மணித்தியாலம் காத்திருப்பது. இங்கே யாரோ ஏற்கெனவே நிறுவி முடித்த ஒரு முழு அமைப்பின் அச்சுப்படியை மெமரி காட்டில் அப்படியே இறக்குகிறோம். டெபியன் லினக்ஸை அடியாகக் கொண்ட ராஸ்பெரி பை ஓஎஸ் அப்படித்தான் வருகிறது. இறக்கிய காட்டில் இரண்டு பகுதிகள் இருக்கும். முதலாவது சிறியது, விண்டோஸ் கணினியாலும் வாசிக்கக்கூடியது. பலகை கண் விழித்ததும் முதலில் தேடுவது இதைத்தான். கேர்னலும், பலகையின் குணத்தை எழுதிவைக்கும் கான்பிக் என்ற எழுத்துக் கோப்பும் அதில் இருக்கின்றன. இரண்டாவது பெரியது, லினக்ஸின் வீடு. முதல் முறை ஏற்றியதும் அது தன்னைத் தானே இழுத்து விரித்து, காட் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். 32 ஜிபி காட்டில் ஏன் கொஞ்சம்தான் தெரிகிறது என்று விண்டோஸில் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை, நேர வலயம் எல்லாவற்றையும் காட்டில் இறக்கும் மென்பொருளிலேயே கொடுத்துவிடலாம். பழைய கையேடுகளைப் பார்த்து, பலகையோடு பிறந்த பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டிப் பார்த்து ஏமாறவேண்டாம். உலகம் முழுக்க ஒரே திறப்பு என்ற அந்தப் பழக்கத்தை 2022 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். வைஃபைக்கு எந்த நாடு என்றும் சொல்லவேண்டும். சொல்லும்வரை வைஃபை பூட்டியே கிடக்கும், ஏனென்றால் எந்த அலைவரிசையில் பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு.

இதுவரை உலகில் எந்த ஊருக்கும் பொது. இனி எங்கள் ஊர்.

முதல் சிக்கல் மின்சாரம். "ஃபோன் சார்ஜர் இருக்குத்தானே" என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்து வந்து போனது. பலகைக்கு வரும் அழுத்தம் 4.63 வோல்டுக்குக் கீழே இறங்கினால் அந்த மின்னல் தோன்றும். சார்ஜர் 5 வோல்ட்தான் கொடுக்கிறது, பிறகு எங்கே போகிறது? வயருக்குள். மெல்லிய வயரின் தடை 0.2 ஓம் என்று வையுங்கள். பலகை 2 அம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.4 வோல்ட் தின்றுபோகும். மிஞ்சுவது 4.6. இந்தப் பலகைக்கென்று செய்த மின்வழங்கி 5.1 வோல்ட் கொடுப்பதும், அதன் வயர் குட்டையாகத் தடிப்பாக இருப்பதும் இதற்காகத்தான். அந்த 0.1 வோல்ட் வழிச்செலவுக்கு.

இரண்டாவது சிக்கல் மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளில் 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டது என்றார் அமைச்சர், தீவு முழுக்க இருட்டு. இப்படி எதிர்பாராத நேரத்தில் கரண்ட் போவதை மனிதர்கள் பழகிக்கொள்வார்கள். மெமரி காட் பழகாது.

ஏன் என்று பார்ப்போம். காட்டுக்குள் இருக்கும் பிளாஷ் சிப்பில் ஓர் எழுத்தை மட்டும் அழித்து எழுத முடியாது. பெரிய பாத்தியாக அழித்துத்தான் திரும்ப எழுதலாம். தோட்டத்தில் ஒரு மிளகாய்க் கன்று பட்டுப்போனால் பாத்தி முழுவதையும் கொத்தி மறுபடி நடுவது போல. எது எந்தப் பாத்தியில் இருக்கிறது என்ற கணக்கைக் காட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னக் கட்டுப்படுத்தி வைத்துக்கொள்கிறது. கொத்திக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், நாம் எழுதிய கோப்பு மட்டும் பழுதானால் நல்ல காலம். கணக்குப் புத்தகம் கிழிந்தால் மாதக்கணக்காகத் தொடாத கோப்பும் காணாமற்போகும். லினக்ஸின் கோப்பு முறைமை செய்யப்போவதை முன்கூட்டியே நாட்குறிப்பில் எழுதிவைத்துத்தான் வேலை செய்கிறது. ஆனால் அந்த நாட்குறிப்பும் அதே காட்டில்தானே இருக்கிறது.

"நாங்கள் ஒண்டும் எழுதேல்லையே தம்பி, சும்மா வாசிக்கத்தானே செய்தம்" என்று அண்ணை கேட்டது நியாயமான கேள்வி. நீங்கள் எழுதாவிட்டாலும் லினக்ஸ் எழுதிக்கொண்டே இருக்கும். யார் உள்ளே வந்தார், எந்தச் சேவை தொடங்கியது, எது முறையிட்டது என்று பதிவேடு ஓயாது. முதல் காட் ஏழு வாரத்தில் செத்தது.

இரண்டாவது காட்டில் மேலடுக்கு முறையைப் போட்டேன். பலகையின் அமைப்புப் பட்டியலிலேயே அதற்கு ஓர் இடம் இருக்கிறது. அதை இயக்கினால் காட் வாசிக்க மட்டும் என்றாகிவிடும். எழுதவேண்டியதெல்லாம் நினைவகத்தில் விரித்த ஒரு மெல்லிய அடுக்கில் எழுதப்படும். கரண்ட் போனதும் அந்த அடுக்கு மறையும். விஜயதசமியில் பிள்ளைக்கு ஏடு தொடக்கும்போது தட்டில் பரப்பிய அரிசியில் அகரம் எழுதுவோமே, அது போல. தட்டை அசைத்தால் எழுத்துப் போய்விடும், தட்டுக்கு ஒன்றும் ஆகாது. குறை என்னவென்றால், வேண்டுமென்று செய்த மாற்றமும் நிற்காது. புதிய நூல் ஒன்றைச் சேர்க்கவேண்டுமானால் அடுக்கை நிறுத்தி, சேர்த்து, மறுபடி போடவேண்டும். வாசிகசாலைக்கு மாதம் ஒருமுறை அது பெரிய வேலையில்லை. கணக்கு எழுதும் கடைக்கு இதைச் சொல்லமாட்டேன்.

ரவுட்டருக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றும் பூட்டினோம். 10,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருந்தால், உள்ளே இருக்கும் பற்றரி 3.7 வோல்ட் என்பதால் 37 வாற்று மணி. வழிச்செலவு போக 30 என்று வைத்தால், 4 வாற்று இழுக்கும் பலகைக்கு ஏழரை மணித்தியாலம். திரைக்கு அது காணாது. ஆனால் கைபேசியில் வாசிப்பவருக்குத் திரை தேவையில்லை.

இனி மணிக்கூடு. தனக்கென மணிக்கூடு இல்லாத பலகை, அவ்வப்போது நேரத்தை ஒரு கோப்பில் குறித்துவைத்து, விழிக்கும்போது அதை எடுத்துக்கொள்கிறது. இன்ரநெற் இருந்தால் சில செக்கனில் வெளியே கேட்டுத் திருத்திக்கொள்ளும். நிலையத்தில் இன்ரநெற் இல்லை. பிறகு ஒருநாள் என் கைபேசியோடு இணைத்த கையோடு, அது நேரத்தைத் திருத்துமுன்பே மென்பொருளைப் புதுப்பிக்கப் பார்த்தால், களஞ்சியத்தின் சான்று இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுத்தது. சான்று போன கிழமை எழுதப்பட்டது. பலகைக்கு அது எதிர்காலம்.

மருந்து, நகமளவான ஒரு மணிக்கூட்டுச் சிப். டிஎஸ் 3231 என்று பெயர். வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்வதால் வருடத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பெரிதாகப் பிசகாது. பலகையின் ஊசிக் கால்களில் உள்வரிசையின் முதல் ஐந்தில் நேராகச் செருகலாம். கான்பிக் கோப்பில் ஒரே ஒரு வரி. நேரத்தைக் கோப்பில் குறித்துவைக்கும் அந்தப் பொய் மணிக்கூட்டை நீக்கிவிட்டு, சிப்புக்கு ஒருமுறை சரியான நேரத்தைச் சொல்லிக்கொடுத்தால் முடிந்தது.

சொல்லிக்கொடுப்பது எந்த நேரம்? இங்கேதான் எனக்கு வேலை நின்றது. லினக்ஸ் உள்ளுக்குள் ஒரே ஓர் எண்ணிக்கையை வைத்திருக்கிறது, 1970 சனவரி 1 கிறீனிச் நள்ளிரவிலிருந்து போன செக்கன்கள். நாங்கள் பார்க்கும் மணி, அந்த எண்ணை நேர வலயம் என்ற கண்ணாடி போட்டுப் பார்ப்பது. எங்கள் கண்ணாடியின் பெயர் ஆசியா, கொழும்பு. அந்தக் கோப்புக்குள் இந்தத் தீவின் சரித்திரம் கிடக்கிறது. 1880 முதல் மொறட்டுவை நேரம், கிறீனிச்சைவிட 5 மணி 19 நிமிடம் 32 செக்கன் கூட. 1906 இல் ஐந்தரை மணி. இரண்டாம் உலகப்போரில் 1942 இல் இரண்டு படியாக ஒரு மணித்தியாலம் ஏற்றி 1945 இல் இறக்கினார்கள். பிறகு 1996 மே 25, ஆறரை. அதே வருடம் ஒக்ரோபர் 26, ஆறு. 2006 ஏப்ரல் 15, திரும்ப ஐந்தரை.

1996 இல் ஏற்றியது மின்வெட்டைத் தவிர்க்க. வெளிச்சத்தை மிச்சம் பிடித்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் யோசனை. அந்த மே மாதத்தில் வலிகாமத்துச் சனம் 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய், திரும்பி வந்து சில கிழமைதான் ஆகியிருந்தது. 1990 தொடக்கம் குடாநாட்டுக்குத் தேசிய மின்சாரமே இல்லை. ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த வீடுகளுக்கும் சேர்த்துத்தான் மின்சாரம் மிச்சம் பிடிக்க மணிக்கூட்டை முன்னே தள்ளினார்கள். கந்தோருக்குப் புது நேரம், கோயிலுக்குப் பழைய நேரம் என்று வீட்டில் கேட்டுக் கேட்டுத்தான் போன ஞாபகம். வன்னியில் புலிகள் அந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. 2002 க்குப் பிறகு பாதை திறந்தபோது முகமாலையைத் தாண்டினால் அரை மணித்தியாலம் மாறும்.

நேர வலயக் கோப்பைப் பராமரிப்பவர்கள் இதையும் ஓரக்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்கள். தமிழர் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகளில் வாழ்வோர் கொல்கத்தா வலயத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், 1970 முதல் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று. உலகின் ஒவ்வொரு லினக்ஸ் இயந்திரத்துக்கும் போகும் நேரக் கணக்கின் மூலத்தில் இந்தக் குறிப்பு கிடக்கிறது. சிப்புக்குக் கிறீனிச் நேரத்தைக் கொடுத்தேன். அதற்கு எந்த அரசும் கை வைக்கமாட்டாது. கண்ணாடி மட்டும் கொழும்பு.

தமிழ் பெரிய சிக்கலில்லை, ஓர் இடம் தவிர. எழுத்து மட்டும் ஓடும் கறுப்புத் திரை அதிகபட்சம் 512 வடிவங்களைத்தான் வைத்திருக்கும், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கட்டத்தில் வைக்கும். 'கொ' என்பதற்குக் ககரத்தின் இரு பக்கமும் குறி போடவேண்டும் என்று அதற்குத் தெரியாது. ஆகையால் கறுப்புத் திரையை ஆங்கிலத்திலேயே விட்டு, வரைகலைத் திரைக்கு மட்டும் இலங்கைத் தமிழ் அமைப்பைக் கொடுத்தேன். நிலையத்தின் பழைய கூட்டக் குறிப்புகளோ பாமினியில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ஒருங்குறிக்கு மாற்றி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

பெட்டிக்குள் இருப்பது கிவிக்ஸ் என்ற மென்பொருளும், ஒரே கோப்பாகச் சுருட்டிய தமிழ் விக்கிப்பீடியாவும். யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் 2003 முதல் முன்னின்று வளர்த்தது, இன்று ஒன்றரை இலட்சம் கட்டுரைக்கு மேல். பலகையே வைஃபை பரப்புகிறது. வாசிக்க வருபவர் கைபேசியில் இணைந்தால் போதும், தரவுக் காசில்லை. ஒரேயொரு தொந்தரவு, இதில் இன்ரநெற் இல்லை என்று கண்டதும் கைபேசி தானாக மொபைல் தரவுக்குத் தாவிவிடும். தாவவா என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லவேண்டும் என எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். முதலில் வந்து தேடியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். நல்லூர் சின்னத்தம்பிப் புலவர் எங்கள் ஊர்ப் பிள்ளையார்மேல் பாடிய கல்வளை அந்தாதியின் பெயரைத்தான் தட்டினார். பிழை விழுந்துவிட்டது என்று மூன்று முறை அழித்து அழித்து அடித்தார்.

மணிக்கூட்டுச் சிப்பைப் பூட்டிய அன்று பின்னேரமே கரண்ட் போய், இருட்டுப்பட வந்தது. யூபிஎஸ்ஸை வேண்டுமென்றே கழற்றிவைத்திருந்தேன். பலகை விழித்தது. ஆறு நாற்பத்திரண்டு, சரியான கிழமை. என் கைபேசியிலும் அதே நிமிடம். சுவரில் தொங்கும் மணிக்கூடு ஆறு ஐம்பத்திரண்டு காட்டியது. கதிரையை இழுத்துப்போட்டு ஏறி அதைத் திருத்தப் போனேன்.

"அதைத் தொடாதேங்கோ தம்பி" என்றார் அண்ணை. "அது பஸ்ஸுக்கு வைச்சது."