எந்த வாசலில் நிற்பது?

2025-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து கொருக்குப்பேட்டை அன்பியத்தார் கூடியிருந்தனர். இளைஞர் ஒருவர் எழுந்து, "ஃபாதர், நம் குழுவை வாட்ஸ்அப்பிலிருந்து அரட்டைக்கு மாற்றிவிடலாம், நம் ஊர் சோஹோ நிறுவனம் செய்த செயலி" என்றார். கைதட்டல் எழுந்தது. பின்னாலிருந்து மூதாட்டி ஒருவர், "பேரன் இப்பத்தான் இதுல பேசக் கத்துக்குடுத்தான், சாமி. அங்க போனா எனக்கு யாரு கத்துக்குடுப்பா?" என்றார். கைதட்டல் ஓய்ந்தது.

விலை அதிகமானால் அடுத்த கடைக்குப் போகிறோம், யாருக்கும் இழப்பில்லை. செய்திச் செயலி அப்படியன்று. அதன் மதிப்பு அதில் இருக்கும் மனிதரில் இருக்கிறது. 2014-இல் ஃபேஸ்புக் நிறுவனம் 1,900 கோடி டாலர் கொடுத்து வாட்ஸ்அப்பை வாங்க முன்வந்தது நம்முடைய உறவுகளுக்காகத்தான். 2021 ஜனவரியில் 'புதிய விதிகளை ஏற்றுக்கொள்' என்று அறிவிப்பு வந்தபோது, நம்மில் எத்தனை பேர் வாசித்துவிட்டு விரலை வைத்தோம்? அவ்விதிகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வேறு வழியற்றவன் தரும் சம்மதம் சம்மதமாகுமா?

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, பிறர் தீமையில் ஒத்துழைப்பதைப் பற்றிப் புனித அல்போன்ஸ் லிகோரி வகுத்த வேறுபாடுகளைப் படித்தோம். தீமையை விரும்பி உடன்படுவது ஒன்று. விரும்பாமலே தொலைவிலிருந்து துணையாவது வேறு. இரண்டாவதற்குத் தக்க காரணம் வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினரே, அத்தகைய இரவில் உறவினரை எழுப்ப உதவும் செயலியை விடாதிருப்பது தக்க காரணமே. ஆனால் இந்தச் சமாதானம் எல்லாருக்கும் எப்போதும் கிடைத்துவிடுகிறது என்பதுதான் நம்மை உறுத்துகிறது.

உள்ளூர்ப்பற்றும் முழு விடையன்று. குடும்ப வேதனைகளை இரவில் நமக்கு எழுதி அனுப்புவோர் உண்டு. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் வாசிக்க இயலாத முத்திரை வாட்ஸ்அப்பில் 2016 முதல் இருக்கிறது. யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது போன்ற விவரங்கள் நிறுவனத்துக்குத் தெரியக்கூடும். அரட்டையின் எழுத்துச் செய்திகளுக்கு அந்த அக்டோபரில் அம்முத்திரை இல்லை; பின்னரே சேர்க்கத் தொடங்கினர். தமிழ்ப் பெயர் மனத்துக்கு இனிது. ஒருவர் நம்மை நம்பிச் சொன்ன இரகசியத்தை அதற்காகத் திறந்த அட்டையில் எழுதலாமா?

எந்தத் தபால் பெட்டியில் போட்டாலும் கடிதம் போய்ச் சேருகிறது. செயலிகளுக்கிடையே அவ்வழி இல்லாததே குறை. பெரிய செயலிகள் பிறவற்றுக்கு வழிவிட வேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் இயற்றியது. அது இயற்றப்பட்டது நமக்காக அன்று.

பழைய குழு தொடர்கிறது. இளைஞர்கள் அரட்டையில் தனியே ஒன்று தொடங்கினர். நாமும் அதில் சேர்ந்தோம். மரண அறிவிப்புகள் மட்டும் இரண்டிலும், கோவில் வாசல் கரும்பலகையிலும் வருகின்றன. மூதாட்டி கரும்பலகையைத்தான் முதலில் பார்க்கிறார்.