எவ்வளவு வேண்டும்?

என் மகளுக்கு லேப்டாப் வாங்குவதற்காகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போயிருந்தேன். அவள் அனிமேஷன் படிக்கிறாள். சித்திரங்களை நடக்கவும் பறக்கவும் வைக்கிற படிப்பு. அதற்குச் சாதாரண இயந்திரம் போதாதாம். வேகமான பிராசசர், தனியாகக் கிராபிக்ஸ் கார்டு, இன்னும் என்னவெல்லாமோ வேண்டுமாம். ஒரு நாவலுக்குப் பதிப்பாளர் கொடுத்த பணம் அப்படியே அதற்குப் போயிற்று. போகட்டும். அதைச் சொல்லிப் புலம்புவதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை.

கடையில் இருந்த பையன் மற்ற எல்லாவற்றையும் அவளோடு பேசி முடித்துவிட்டுக் கடைசியாக என் பக்கம் திரும்பினான். "ஸ்டோரேஜ் எவ்வளவு சார் வேணும்? ஐந்நூத்திப் பன்னிரண்டா, ஒரு டி.பி.யா?"

அரிசிக் கடையில் எத்தனை கிலோ என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான். எனக்குத்தான் பதில் வரவில்லை. பணத்துக்காகத் தயங்குகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னான். இந்த மாடலில் இன்னொன்றைச் சொருக உள்ளே காலி இடம் இருக்கிறது. இப்போது சின்னதாக வாங்கிக்கொண்டு, கையில் காசு புரளும்போது இரண்டாவதைப் போட்டுக்கொள்ளலாம். சில இயந்திரங்களில் அந்தச் சௌகரியம் கிடையாது. போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கிய அன்று என்ன முடிவு செய்தோமோ அதுதான் கடைசி வரைக்கும். "கல்யாணம் மாதிரி சார்" என்று சொல்லி அவனே சிரித்தான். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

வாசகர்களில் பலர் இந்த விஷயத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஹார்ட் டிஸ்க் என்பது கிராமபோன் தட்டுக்குச் சொந்தக்காரன். லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றும். அதன்மேல் ஒரு சின்னக் கை முன்னும் பின்னும் அலைந்து காந்தப் புள்ளிகளைப் படிக்கும், எழுதும். கிராமபோன் ஊசி போலத் தட்டைத் தொடாது. மயிரிழைக்கும் குறைவான காற்றிடைவெளியில் மிதக்கும். தொட்டுவிட்டால் அன்றோடு சரி. எஸ்.எஸ்.டி. என்கிற புதிய வகையில் சுற்றுவது, அலைவது ஒன்றும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அறைகளில் மின்னூட்டத்தை அடைத்துவைத்துவிடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க் ஒரு விநாடிக்குச் சுமார் 100 மெகாபைட் கொடுத்தால், எஸ்.எஸ்.டி.யில் பழைய இணைப்பு உள்ளது 550 வரை கொடுக்கும், என்.வி.எம்.இ. என்ற இணைப்பு உள்ளது 3,500 முதல் 7,000 வரை போகும். என் மகளுடைய வேலைக்கு இந்தக் கடைசி வகைதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவளுடைய சித்திரங்கள் அடுக்கடுக்காகக் கனம் ஏறியவை. பழைய டிஸ்கில் போட்டால் ஒவ்வொரு தடவையும் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

வேகம் தீர்மானமாகிவிட்டது. அளவுதான் பாக்கி.

1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் உலகத்தின் முதல் ஹார்ட் டிஸ்கைக் கொண்டுவந்தது. இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது. ஒரு டன் எடை. அத்தனையும் சேர்ந்து பிடித்துக்கொண்டது ஐம்பது லட்சம் எழுத்துகள். நான் எழுதுகிற அளவில் நாவல் இரண்டைப் போட்டால் நிரம்பிவிடும். தமிழ் கொஞ்சம் தாராளமாக இடம் பிடிக்கிற பாஷை. இப்போதைய முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்றால் நம்முடைய 'க'வுக்கு மூன்று, 'கா'வுக்கு ஆறு. அப்படியும் ஒரு நாவல் இரண்டு மெகாபைட்டைத் தாண்டாது. அந்தப் பையன் விரல் நீளத்துக்கு ஒரு சில்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டினானே, ஒரு டெராபைட், அதில் ஐந்து லட்சம் நாவல் அடங்கும். இருபத்தைந்து வருஷமாக நான் எழுதியதையெல்லாம் கூட்டினாலும், மகள் தன் சிநேகிதியின் பிறந்தநாளன்று கேக் வெட்டுவதைப் படம் பிடித்தாளே, அந்த ஒரு நிமிஷத்துக்குச் சமானமாகாது. எழுத்தாளனுக்கு அடக்கம் வருவதற்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை.

ஆக, இடப் பஞ்சம் என்பது எனக்குக் கிடையாது. பிறகு ஏன் தயங்கினேன்?

காரணம் என் பையில் இருந்தது. 2014-ல் வாங்கிய என் பழைய லேப்டாப். அதைக் கொடுத்தால் புதியதில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகக் கடையில் சொல்லியிருந்தார்கள். பையன் அதைத் திருப்பிப் பார்த்து, "உள்ளே ஹார்ட் டிஸ்க்தானே? உங்க விஷயத்தை எல்லாம் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டான். வேண்டியதைப் பிரதி எடுத்துக்கொண்டேன், வேண்டாததை அழித்துவிட்டேன் என்றேன்.

"அழிச்சாலும் உள்ளேதான் சார் இருக்கும்" என்றான்.

எனக்குக் கை சில்லிட்டுப் போயிற்று.

அவன் சொன்னது வாஸ்தவம். ஹார்ட் டிஸ்கில் ஒன்றை அழிக்கும்போது இயந்திரம் அதைத் தொடுவதே இல்லை. பொருளடக்கத்தில் அந்தப் பெயரை அடித்துவிட்டு, "இந்தப் பக்கங்கள் இனிமேல் காலி" என்று குறித்துக்கொள்கிறது. பக்கங்கள் அப்படியேதான் இருக்கின்றன. வேறு எதையாவது அவற்றின்மேல் எழுதும் வரைக்கும் இருக்கும். எஸ்.எஸ்.டி. அப்படியல்ல. அழி என்று சொன்னால் அந்தச் செய்தி அதற்கும் போய்விடுகிறது. அது தன் ஓய்வு நேரத்தில் அந்த அறைகளை உண்மையாகவே துடைத்துவிடுகிறது. அப்புறம் யார் வந்தாலும் மீட்பது ஏறக்குறைய நடக்காத காரியம். "மன்னித்துவிட்டேன், மறந்துவிட்டேன்" என்று நாம் சொல்வதிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு.

நான் அழித்தது என் தகப்பனாருடைய குரலை.

அவர் படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில், பழைய கதைகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டுப் போனில் பதிவு செய்தேன். மொத்தம் பதினொன்று. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு லேப்டாப்பில் வைத்தேன். முதல் இரண்டு மூன்று நாள் போனைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் மேடைத் தமிழில் பேசினார். பிறகு போன் இருப்பதை மறந்துவிட்டார். ஏழாவதில், என் அக்காவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார். இருபது வருஷத்துக் கோபம். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. மூன்று நிமிஷம் இருக்கும்.

அவர் போய் ஒரு வருஷம் ஆகிற சமயத்தில், பதிவுகளை எனக்கும் கொடு என்று அக்கா கேட்டாள். அன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு தடவை கேட்டேன். ஏழாவதை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். போன் ஏற்கெனவே தண்ணீரில் விழுந்து போய்விட்டிருந்தது. வேறு பிரதி இல்லை. பத்தை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, "ஏழாவது எங்கேடா?" என்று கேட்டாள். சரியாகப் பதிவாகவில்லை என்று சொன்னேன். அவளும் விட்டுவிட்டாள்.

இடத்துக்காக அழித்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை, பாருங்கள். இருபத்தைந்து நிமிஷப் பேச்சு, இருபத்தைந்து மெகாபைட். டிஸ்கிலோ பாதிக்கு மேல் காலி. அக்காவின் மனசு நோகக் கூடாது என்று அழித்தேன். நல்ல எண்ணம்தான். அதைத்தான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிப் போன கதைகளில் ஒன்று என்னை எப்போதும் உறுத்தும். கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னார்களாம். ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்ட ஏடுகளும் உண்டு. படிக்கும்போதெல்லாம் அந்த மனிதர்கள்மேல் எனக்கு ஆத்திரம் வரும். இப்போது யோசித்தால், அவர்கள் அயோக்கியர்கள் அல்ல. குப்பையில் எறியவில்லையே. மரியாதையாக, சாஸ்திரப்படி, நெய் விட்டு எரித்தார்கள். தங்கள் வீட்டுப் பரணில் இருந்தபடியால் அது தங்களுடையது என்று நினைத்தார்கள். பின்னால் ஒருவர் வண்டி பிடித்துக்கொண்டு அதைத் தேடி வருவார் என்பது மட்டும் தோன்றவில்லை. லேப்டாப் என்னுடையது, ஆகையால் அதற்குள் இருந்த குரலும் என்னுடையது என்று நான் நினைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான் நெய்கூட விடவில்லை.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதுதான் தர்மம் என்று இதிலிருந்து சொல்லிவிடலாமா? அதுவும் முடியவில்லை. தகப்பனார் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஏழாம் நாள் அவர் போனை மறந்துவிட்டிருந்தார் என்று சொன்னேன். வலியில் கிடக்கிற கிழவர், மகன் ஒருவன்தானே பக்கத்தில் இருக்கிறான் என்று கொட்டிய வார்த்தை அது. நாலு நாள் கழித்து அவரே வருத்தப்பட்டிருக்கலாம். வாயால் பேசியது காற்றோடு போகும் என்ற நம்பிக்கையில்தானே மனிதர்கள் இத்தனை காலம் கோபப்பட்டும் கூடி வாழ்ந்தும் வந்திருக்கிறார்கள்? அந்தச் சலுகையை இயந்திரம் பறித்துவிட்டது. பறித்த இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அழித்ததில் அவருக்கு ஒரு நியாயம் செய்ததாகக்கூடச் சொல்லலாம். இரண்டு பக்கமும் மாறி மாறி வழக்காடிப் பார்த்தேன். தீர்ப்பு வரவில்லை. ஒன்று மட்டும் துலங்கிற்று: தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன் மட்டும் அல்ல. பங்காளி ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கேட்காமலே தீர்த்தேன். கேட்டபோது பொய் சொன்னேன்.

பழையதைக் கொடுக்கவில்லை என்று பையனிடம் சொன்னேன். ஒரு டி.பி.யே போடச் சொன்னேன். மகளுக்கு ஆச்சரியம். வீட்டில் வைப்பதற்குத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கும் வாங்கினேன், சுற்றுகிற ஜாதிதான். மின்சாரமே காட்டாமல் பீரோவில் வருஷக்கணக்காகப் போட்டால் எஸ்.எஸ்.டி.யில் அடைத்த மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசிந்துபோகும் என்கிறார்கள். ஓட்டத்துக்கு அது, உறக்கத்துக்கு இது. வீட்டுக்கு வந்து புதியதைத் திறந்து பார்த்தால் ஒரு டி.பி. இல்லை, 931 என்று காட்டியது. கடைக்காரன் ஆயிரத்தால் பெருக்குகிறான், கணினி ஆயிரத்து இருபத்து நாலால் வகுக்கிறது, அவ்வளவுதானாம். ஏமாற்று இல்லை என்று மகள் எனக்கு விளக்கினாள்.

அன்று ராத்திரி அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் சம்மதத்தோடுதான் இதையெல்லாம் எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அவர் என்ன சொல்லியிருப்பார்னு எனக்குத் தெரியாதாடா?" என்றாள். "என் மூஞ்சிக்கு நேரே சொன்னவர்தானே. நீ அப்போ ஹாஸ்டல்ல இருந்தே."

நான் பேசவில்லை.

"அதை விடு. இருபத்தஞ்சு நிமிஷம்னியே. மிச்சத்திலே என்ன பேசினார்?"

யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அந்த மூன்று நிமிஷம் அட்சரம் பிசகாமல் ஞாபகமிருக்கிறது. மற்ற இருபத்திரண்டு நிமிஷம் அவர் எதைச் சொன்னார், யாரைப் பற்றிச் சொன்னார், ஒன்றும் தெரியவில்லை. அதைத்தான் அக்காவிடம் சொன்னேன். அவள் மறுபடி மௌனமாகிவிட்டாள். முதல் மௌனத்தைவிட இது நீளம்.

"எடுத்துப் பார்க்கச் சொல்லு. எவ்வளவு ஆனாலும் பாதி நான் தரேன்" என்றாள்.

மறுநாளே அந்தப் பையனிடம் போனேன். அவனுக்குத் தெரிந்த ஒருவர் அந்த வேலை செய்கிறாராம். பத்து நாள் கழித்து வரச் சொன்னார். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஒருவேளை முழுசாகவும் கிடைக்கலாம், துண்டு துண்டாகவும் கிடைக்கலாம் என்றார். அதுவரைக்கும் பழைய லேப்டாப்பை ஆன் செய்யவே கூடாதாம். சும்மா திறந்தால்கூட அது பாட்டுக்கு எதையாவது எழுதிவைக்குமாம். எந்த இடத்தில் எழுதும் என்று சொல்ல முடியாதாம். பீரோவில் வேஷ்டிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.