இரண்டாம் ஆட்டம்

விளையாட்டு என்பது வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று கருதுவார் உளர். ஆயின், வாழ்வில் காணாத நீதியைப் பலகை மீதேனும் கண்டு மகிழவே மனிதன் ஆட்டங்களைப் படைத்தான் போலும். பலகையின் முன் அமர்ந்தவர் எவராயினும் தொடக்கத்தில் சமமே. அந்தச் சமத்துவம் எத்தனை நேரம் நிலைக்கிறது? அண்மையில் ஒரு போயா விடுமுறை மாலையில் இவ்வினா எம்முன் எழுந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தெருவொன்றில், நண்பர் வீட்டு விறாந்தையில் நால்வர் கூடியிருந்தோம். வீட்டுக்காரர் துறைமுகத்தில் நாட்கூலிக்கு மூட்டை சுமப்பவர். ஒருவர் புடைவைக் கடை நடத்தும் முஸ்லிம் அன்பர். மற்றவர் எழுதுவினைஞரான சிங்கள அன்பர். கரம் பலகை பழுதாகிக் கிடந்தமையால், நண்பரின் தாயார் தமது பழைய பல்லாங்குழியை எடுத்து நடுவில் வைத்தார். சிங்கள அன்பரின் முகம் மலர்ந்தது. "இது எங்கள் ஒலிந்த கெலிய அல்லவா! புத்தாண்டுக்கு அம்மாவும் அக்காமாரும் ஆடுவார்கள்" என்றார். அங்கும் இங்கும் குழிகள் 14தான். நாம் புளியங்கொட்டை இடுகிறோம். அவர்கள் ஒலிந்த எனப்படும் குன்றிமணியை இடுகிறார்கள்.

வீட்டுக்கார நண்பரும் நாமும் ஆடினோம். ஆளுக்கு 7 குழி, குழிக்கு 5 கொட்டை, ஆக 35. முதல் ஆட்டம் முடிந்தபோது எம்மிடம் 48, அவரிடம் 22. இரண்டாம் ஆட்டத்தில் வென்றவர் தம் 7 குழிகளையும் நிரப்பி, மிகுதி 13ஐக் கையிருப்பாக வைத்துக்கொள்வார். தோற்றவர் 4 குழிகளையே நிரப்ப முடியும். எஞ்சிய மூன்றிலும் ஈர்க்குத் துண்டை வைத்து அடைத்துவிட வேண்டும்.

"விதி விதிதானே, திறமையால் வென்றோம்" என்று பெருமிதத்தோடு சொன்னோம். நண்பர் அடைபட்ட குழிகளைப் பார்த்தபடி, "மாஸ்டர், முதலாவது ஆட்டத்துக்கு அது சரி. ரெண்டாவதுக்கும் அதையே சொல்லலாமோ? என்ர மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில ரெண்டு வருசமாக் கணக்குக்கு ஆசிரியர் இல்ல. அவளுக்கும் கொழும்பில படிக்கிற பிள்ளைக்கும் ஒரே சோதினைதானே?" என்றார்.

அவ்வினா எம்மைச் சுட்டது. சென்ற தவணையில் வகுப்பில் உறங்கிய மாணவன் ஒருவனைச் சோம்பேறி என்று கடிந்தோம். விடியுமுன் கரைவலை இழுத்துவிட்டு வருபவன் அவன் என்பதைப் பின்னரே அறிந்தோம். முதல் ஆட்டத்திற் பிறப்பவர் இவ்வுலகில் எவருமிலர். பாட்டன் வென்றதும் தோற்றதும் குழந்தையின் குழிகளில் முன்னரே இடப்பட்டுள்ளன.

"வென்றவன் கையிலிருந்து எடுத்தால் ஆட்டத்தில் ஊக்கம் இருக்குமா?" என்று கடைக்கார அன்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வெற்றியின் பெயர் வென்றவனுக்கே உரியது. ஆனால் அடுத்தவன் குழி அடைபட்டிருப்பதால் வரும் இலாபத்தைத் திறமை என்று எவ்வாறு சொல்வது?

குழியை நிரப்புவது நீதியாயின், அளக்கும் கோல் எது என்பதையும் கேட்டாக வேண்டும். இந்நாட்டில் இதனைக் கசப்போடு கற்றோம். 1971இன் பல்கலைக்கழக அனுமதியில், மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்குத் தமிழில் எழுதிய மாணவர், சிங்களத்தில் எழுதியோரினும் கூடிய புள்ளி பெற வேண்டியிருந்தது. தரப்படுத்தல் என்ற பெயரில் அங்கே அளக்கப்பட்டது மொழியே. பின்னர் மாவட்ட அடிப்படை வந்தது. இன்று பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் திருகோணமலையும் உண்டு. வாழும் இடத்தின் குறையை அளப்பது, பேசும் மொழியை அளப்பதினும் நேர்மையானது. எனினும் ஒரே மாவட்டத்துள் நகரப் பள்ளிக்கும் மூதூர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை இக்கோல் காண்பதில்லை. மேலும், இது கடைசி வாயிலிற் கிடைக்கும் சலுகை. நண்பரின் மகளுக்கு இன்று வேண்டியது ஒரு கணித ஆசிரியர்.

எமது வாதத்தைக் கேட்டிருந்த தாயார் தேநீரை வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்கட காலத்தில ஈர்க்கு வைக்கிறதோட விடமாட்டம். வெண்டவள் கொட்டை கடனாக் குடுப்பாள். மற்றவள் எழும்பிப் போயிட்டா ஆரோட ஆடுறது?"

எண்ணிப் பார்த்தோம். எம் கையிருப்பு 13. நான்கு குழிகளை நிரப்பியபின் அவரிடம் எஞ்சியவை 2. கூட்டினால் 15. அடைபட்ட மூன்று குழிகளுக்கும் சரியாகப் போதும்! ஒருவனுக்கு மிகுந்ததும் மற்றவனுக்குக் குறைந்ததும் ஒரே பலகையில்தான் இருந்தன.

ஈர்க்குகளை எடுத்தெறிந்துவிட்டு ஆடினோம். நண்பர் வென்றார் என்று எழுத ஆசைதான். அவர் மீண்டும் தோற்றார், இரண்டே கொட்டை வித்தியாசத்தில். ஆயினும் இம்முறை வாய்விட்டுச் சிரித்தார். "இது நான் ஆடித் தோத்தது, மாஸ்டர்" என்றார்.

நம் பிள்ளைகள் தோற்கக்கூடாது என்று நாம் கேட்கவில்லை. ஆடித் தோற்கும் உரிமையேனும் அவர்களுக்கு வேண்டும்.