தாய்நலத்தின் அற அடிப்படை

வளரும் நாடுகளில் பெண் குழந்தைகளின் கல்விக்கும் தாய்மாரின் உடல்நலத்திற்கும் நிதி ஒதுக்கும் அரசுகள் அதற்குக் கூறும் காரணங்கள் பெரும்பாலும் பயனைச் சார்ந்தவை: படித்த பெண் குறைவான குழந்தைகளைப் பெறுவாள், அக்குழந்தைகள் நோயின்றி வளரும், குடும்பத்தின் வருவாய் உயரும் என்பன அவை. இவற்றில் பெருமளவு உண்மை உண்டு. ஆயினும் ஒருவரது நலம் பிறருக்கு விளையும் நன்மையால் மட்டுமே மதிப்புப் பெறுமாயின், அவரை மனிதராக மதித்ததாகுமா என்ற வினா எஞ்சி நிற்கிறது. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாமல், எப்போதும் தம்மளவில் குறிக்கோளாகவும் கொள்ள வேண்டும் என்று ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1785-இல் வகுத்த நெறி இவ்வினாவுக்கு அடிப்படையாகும்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. ஆலன் ரோசன்ஃபீல்டு, டெபோரா மெயின் ஆகிய இருவரும் 1985-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், தாய்சேய் நலத் திட்டங்களில் தாய் எங்கே இருக்கிறாள் என்று கேட்டனர். தடுப்பூசியும், வயிற்றுப்போக்கிற்கான உப்புச் சர்க்கரைக் கரைசலும், மாதந்தோறும் எடை பார்த்தலும் சேயின் உயிரைக் காப்பவை. பிரசவத்திற்குப் பின் உதிரப்போக்கு நிற்காமல் துவளும் தாய்க்கு அவை உதவா. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஊசிமருந்து, ஏற்றுவதற்கு இரத்தம், அறுவை அரங்கு, நள்ளிரவிலும் கிடைக்கும் வண்டி, தாமதமின்றி அவளைக் கொண்டுசெல்ல வீட்டார் தரும் இசைவு ஆகிய அனைத்தும் சில மணி நேரத்திற்குள் ஒன்றுசேர்ந்தால்தான் அவள் பிழைப்பாள். தாயைச் சேய்க்கு வழியாக மட்டும் கண்ட பார்வை இவற்றை நெடுங்காலம் பின்னுக்குத் தள்ளியது. 1987-இல் நைரோபியில் கூடிய மாநாட்டில்தான் பாதுகாப்பான தாய்மைக்கென உலகளாவிய முயற்சி தொடங்கப்பட்டது.

பெண் கல்வித் திட்டங்களிலும் இதே சிக்கல் உண்டு. வங்கதேச அரசு கிராமப்புற உயர்நிலைப் பள்ளி மாணவியருக்கென 1994-இல் நாடு முழுவதும் விரிவுபடுத்திய உதவித்தொகைத் திட்டம், வருகைப் பதிவு, தேர்வு மதிப்பெண் ஆகியவற்றோடு, திருமணமாகாதிருத்தல் என்பதையும் நிபந்தனையாக்கியது. பெற்றோர் மகளின் திருமணத்தைத் தள்ளிவைக்க அது ஒரு காரணத்தை அளித்தது. பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது. எனினும், தன் விருப்பம் கேளாமலே பதினைந்து வயதில் மணமுடித்து வைக்கப்பட்ட சிறுமி, கல்வியின் துணை மிகுதியாகத் தேவைப்படும் வேளையில் அத்தொகைக்கான தகுதியை இழந்தாள். திருமணத்தைத் தள்ளிப்போடுதல் என்ற பயன் கைகூடாத இடத்தில், அவளுக்கான நியாயமும் நின்றுபோயிற்று.

பெண்களே தம் நிலையில் மனநிறைவு கொண்டிருக்கையில் பிறர் குறை காண்பது எவ்வாறு பொருந்தும் என்று மறுப்போர் உண்டு. இதற்கு விடை காண, பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் சுட்டிக்காட்டும் சிங்கூர் ஆய்வு உதவும். 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்திற்கு அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள அப்பகுதியில் நடந்த கணக்கெடுப்பில், மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தம் உடல்நலம் கெட்டுள்ளதாகவோ சுமாராக உள்ளதாகவோ கூற, கைம்பெண்களில் 2.5 விழுக்காட்டினரே அவ்வாறு கூறினர். கைம்பெண்கள் நலமாக வாழ்ந்தார்கள் என்பது இதன் பொருளன்று. நீண்டநாள் இல்லாமையில் வாழ்வோர் தம் எதிர்பார்ப்பைச் சூழலுக்கேற்பச் சுருக்கிக்கொள்வர் என்பதே சென் காணும் பொருள். ஆகவே, ஒருவர் மனநிறைவை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், நோயின்றி வாழவும், கற்கவும், தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கவும் அவருக்கு மெய்யாகவே வாய்ப்புள்ளதா என்று ஆராய வேண்டும் என்பது அவர் முன்வைத்த இயலுமை அணுகுமுறையின் சாரமாகும்.

நிதி பெறுவதற்குப் பயன்வாதம் கைகொடுக்கும் என்பதால் அதனை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அதுவே அடித்தளமாகக் கூடாது. கைம்பெண்ணும், பிள்ளைப்பேறு இல்லாதவளும், மணம் வேண்டாதவளும் அத்தகைய கணக்கில் இடம்பெறமாட்டார்கள். எவருக்கும் தாயாக இல்லாத பெண்ணின் நோய்க்கும் அதே அக்கறையுடன் மருத்துவம் அளிக்கும் நாடே பெண்ணின் நலத்தைப் பேணும் நாடு என்று சொல்லத் தகும்.