இல்லறமும் எல்லைக்கோடும்

இரு நாட்டுக் குடிமக்கள் மணம் புரியும்போது இரண்டு உரிமைகள் நேருக்கு நேர் வந்து நிற்கின்றன. தன் மண்ணில் யார் தங்கலாம் என்று முடிவு செய்வது அரசின் உரிமை. மணந்தவரோடு சேர்ந்து வாழ்வது மனிதரின் உரிமை. 1948-இல் வெளிவந்த உலக மனித உரிமைப் பிரகடனம், குடும்பம் சமூகத்தின் இயற்கையான, அடிப்படையான அலகு என்று 16-ஆம் பிரிவில் கூறுகிறது. அந்தக் குடும்பம் எந்த நாட்டில் ஒன்றுகூடலாம் என்பதைப் பற்றி அங்கே பேச்சில்லை.

துணைக்கான விசாவை வெளியே நிற்பவரின் வேண்டுகோளாகப் பார்ப்பதே வழக்கம். அரசியல் சிந்தனையாளர் ஜோசப் கேரன்ஸ் 2013-இல் எழுதிய குடியேற்ற அறம் பற்றிய நூலில் இந்தப் பார்வையை மாற்றுகிறார்: கதவு திறக்க வேண்டும் என்று கேட்பவர் ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பவர். இப்படிப் பார்த்தால், அரசு மறுப்பது அந்நியர் ஒருவரை மட்டுமன்று, தன் குடிமகளையும்தான். சட்டமோ இதை எளிதில் ஏற்பதில்லை. அமெரிக்கக் குடிமகள் ஒருவரின் கணவருக்கு விசா மறுக்கப்பட்ட வழக்கில், கணவர் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்பது மனைவியின் அடிப்படை உரிமையாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது.

‘அப்படியானால் துணையின் நாட்டுக்குப் போய் வாழலாமே’ என்பது அரசுகள் தரும் பதில். 1985-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும், தம்பதி விரும்பும் நாட்டிலேயே வாழவிடும் கடமை அரசுக்கு இல்லை என்றது. ஆனால் ஆண்கள் மனைவியை அழைத்துவர முடிந்த பிரிட்டனில், பெண்கள் கணவரை அழைத்துவரத் தடை இருந்தது பாலினப் பாகுபாடு என்றும் அதே தீர்ப்பு கண்டது. பிரிட்டன் அந்தப் பாகுபாட்டை நீக்கிய விதம் வேதனையானது. கணவர்களுக்கு வழி எளிதாகவில்லை. மனைவிகளுக்கும் அதே சோதனைகள் வந்தன.

அவற்றுள் ஒன்று, திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அன்று என்று விண்ணப்பதாரரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி. பெரியவர்கள் பேசி முடித்த திருமணம் இதில் சிக்கித் தவித்தது. மணத்துக்கு முன் பழகிய கதையோ கடிதங்களோ இல்லாத தம்பதி எதைக் காட்டுவார்கள்? நம் குடும்பங்களில் அன்பு தாலிக்குப் பின்னும் வளர்கிறது. அதிகாரி கேட்டதோ தாலிக்கு முந்திய சாட்சி. இந்தச் சந்தேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 1979-லேயே ஹீத்ரோ விமான நிலையம் காட்டியிருந்தது. மணமுடிக்க வந்த இந்திய ஆசிரியை ஒருவருக்கு அங்கே கன்னித்தன்மைப் பரிசோதனை நடத்தப்பட்டது. மனத்தின் நோக்கத்தை அளக்க முற்படும் அரசு உடலையும் விட்டுவைக்கவில்லை. நோக்க விதி 1997-இல்தான் நீங்கியது.

பிறகு வந்தது பண அளவுகோல். துணையை அழைக்கும் குடிமகனின் ஆண்டு வருமானம் குறைந்தது 18,600 பவுண்டாக இருக்க வேண்டும் என்று பிரிட்டன் 2012-இல் விதித்தது. 2024 ஏப்ரலில் அது 29,000 ஆனது. பொதுநிதிக்குச் சுமையாகக் கூடாது என்ற காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதே மாதம் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்ட். வாரம் 37.5 மணி நேரம் உழைத்தவருக்கு ஆண்டில் கிடைத்தது ஏறத்தாழ 22,300. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி வாங்கி முழுநேரம் உழைப்பவரின் இல்லறம் அதே அரசின் விதியாலேயே எட்டாக்கனியாகிறது. சுமையைத் தவிர்ப்பது வேறு, உழைப்பாளியின் மணவாழ்வைச் சம்பளச் சீட்டால் அளப்பது வேறு.

இதில் வாதிட வாய்ப்பே இல்லாதவர்கள் குழந்தைகள். உள்நாட்டுக் குடிமகனான குழந்தையை அரசு வெளியேற்றாது. அதன் தாயையோ தந்தையையோ வெளியே நிறுத்தும். வருமான வரம்பு எதிர்க்கப்பட்ட வழக்கில் 2017-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், வரம்பு வைப்பது சட்டத்துக்கு உட்பட்டதே என்றது. குழந்தையின் நலனுக்கு உரிய இடம் தராத விதிகளும் அதிகாரிகளுக்கான வழிகாட்டுதலும் சட்டத்துக்கு முரணானவை என்றது. அந்த ஆண்டு ஆகஸ்டில் விதிகள் திருத்தப்பட்டன.